5டி மார்க் 4இலிருந்து மிரர்லெஸ்ஸுக்கு: மண்டப வெளிச்சம் பற்றி ஒரு உதவி

வணக்கம் அண்ணாமார், தம்பிமார். எனக்கு ஊர் மட்டக்களப்புக் கல்லடி. கலியாணம், சாமத்தியம், கோயில் திருவிழா எடுப்பதுதான் தொழில். கையில் இருப்பது 2016இல் வந்த கெனான் 5டி மார்க் 4. குறை சொல்ல முடியாது, ஆனால் ஷட்டர் ஒருமுறை மாற்றியாயிற்று. 1டிஎக்ஸ் மார்க் 3தான் தங்கள் கடைசி உச்சரக டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த கமரா) என்று கெனான் 2021இலேயே சொல்லிவிட்டது. சரி, கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்ஸுக்கு மாறத்தான் வேண்டும்.

பாவித்த கெனான் மிரர்லெஸ், ஆர்6 மார்க் 2 ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். பழைய இஎஃப் லென்ஸ்களை அடாப்டரில் போடலாம், பற்றரியும் சேரும். பழைய சிஎஃப் மெமரி கார்டுகள் இதில் போகாது, அவைதான் வீண்.

என் பயம் வேறு. எலக்ட்ரானிக் ஷட்டரில் சத்தமே இல்லை. தாலி கட்டும் நேரம் ஐயர் திரும்பி முறைக்க மாட்டார். ஆனால் சென்சர் படத்தை வரிவரியாக வாசிப்பதால், மினுங்கும் எல்ஈடி வெளிச்சத்தில் மணப்பெண்ணின் முகத்திலேயே கறுப்புப் பட்டை விழும். இப்போது எந்த மண்டபத்தில் எல்ஈடி இல்லை? 2023இல் அறிவித்த சோனி ஏ9 மார்க் 3 குளோபல் ஷட்டரில் முழுப் படத்தையும் ஒரே நேரத்தில் பதிகிறது, அந்தப் பட்டை வராது. விலையோ வந்தபோதே 6,000 டொலர். நம்ம அல்பக் காசுக்கு அது கட்டாது.

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் யாராவது ஆர்6 மார்க் 2ஐக் கலியாணத்துக்குப் பாவிக்கிறீர்களா? மெக்கானிக்கல் ஷட்டரிலேயே சமாளிக்கிறீர்களா? மண்டபத்தில் எடுத்த ரோ ஃபைல் (கமரா பதிந்த மூலப் படம்) ஒன்று அனுப்பினால் பெரிய உதவி. அப்புறம், கொழும்புக்குப் போகாமல் சென்சர் கிளீன் பண்ண இங்கே நம்பிக்கையான இடம் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.