முதல் தையல் யாரிடம் கற்றீர்கள்? எப்போது பிடித்துப்போனது?

செங்காந்தள், திருச்சி:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 36 வயது. போன தை மாதம் எங்கள் அத்தை தவறிப்போனார். மாமியார் என்று நான் அவரைச் சொன்னதே இல்லை, எப்போதும் அத்தைதான். அவருடைய கறுப்பு உஷா கால் மெஷின் கூடத்து ஜன்னலோரம் அப்படியே நிற்கிறது. மேலே இருந்த தங்க நிறப் பூ வேலை பாதி அழிந்துவிட்டது. வருஷக்கணக்காகத் துணி உரசி உரசி ஊசிக்கு முன்னால் இருக்கிற பலகை மட்டும் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாகக் கிடக்கிறது. டிராயரைத் திறந்தால் மெஷின் எண்ணெய் வாசனை. உள்ளே ஒரு மிட்டாய் டப்பா நிறையக் கொக்கிகள், நகத்தளவுக்குத் தேய்ந்துபோன சாக்.

எடைக்குப் போட்டுவிடலாம் என்று வீட்டில் பேச்சு வந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. நான் தைக்கக் கற்றுக்கொள்கிறேன், மெஷின் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

சொல்லி மூன்று மாதமாகிறது. பக்கத்தில் ஒரு தையல் வகுப்புக்கு இருபது நாள் போனேன். முதல் நாளே போர்டில் பிளவுஸ் படம் போட்டு, மார்புச் சுற்றளவில் நாலில் ஒரு பங்கு, அதோடு இத்தனை அங்குலம், கைக்குழி, கழுத்து இறக்கம் என்று எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். நோட்டு நிறைந்தது. கைக்கு ஒன்றும் வரவில்லை. நின்றுவிட்டேன்.

வீட்டில் தனியாக உட்கார்ந்தால் பெடல் திடீரென்று பின்னால் ஓடுகிறது, நூல் அறுகிறது. மேலே பார்த்தால் தையல் நன்றாக இருக்கும். துணியைத் திருப்பினால் அடியில் குருவிக்கூடு மாதிரி நூல் சுருண்டு கிடக்கும்.

ராத்திரி எல்லோரும் சாப்பிட்டுப் படுத்த பிறகுதான் அத்தை மெஷினில் உட்காருவார். அப்போது அவர் முகத்தைப் பார்த்திருக்கிறேன். பகல் முழுக்க இருந்த அலுப்பு எங்கே போனது என்றே தெரியாது. நன்றாகத் தைக்கிறவர்களைத்தான் கேட்கிறேன். நீங்கள் எதில் ஆரம்பித்தீர்கள், யார் சொல்லிக்கொடுத்தார்கள்? எந்த இடத்தில் அது பிடித்துப்போனது?

நூல்கண்டு:

முதலில் அந்தக் குருவிக்கூட்டைச் சரிசெய்துவிடுவோம். அடியில் நூல் சேர்ந்தால் எல்லோரும் அடிநூல் சுற்றிய பாபினைச் சந்தேகப்படுவார்கள். பெரும்பாலும் கோளாறு மேல்நூலில்தான் இருக்கும்.

கை ஊசிக்குக் காது பின்னால், மெஷின் ஊசிக்கு முனையில். அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் 1846-ல் காப்புரிமை வாங்கிய மெஷினிலேயே இப்படித்தான். ஊசி கீழே இறங்கி, லேசாக மேலே எழும்போது நூல் ஒரு சின்ன வளையமாக விரியும். அடியில் இருக்கிற ஷட்டிலின் கூர்முனை அந்த வளையத்தைக் கவ்விப் பாபினைச் சுற்றிக் கொண்டுபோகும். உடனே மெஷினின் மேலே ஏறி இறங்குகிற கை அதை இழுத்து இறுக்க வேண்டும். நூல், அதை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷன் தட்டுகளுக்கு நடுவில் சரியாக உட்காராவிட்டால் இறுக்கம் கிடைக்காது. வளையம் வளையமாக அடியிலேயே தேங்கிவிடும். அதனால் துணியை அழுத்திப் பிடிக்கிற மெஷின் பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நூல் கோருங்கள். அப்போதுதான் தட்டுகள் விலகி நூலை உள்ளே விடும். தைக்கத் தொடங்கும்போது இரண்டு நூல் நுனியையும் பின்பக்கம் இழுத்து, நாலைந்து தையல் விழும் வரை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

பெடல் பின்னால் ஓடுவதற்கு: வலது கையால் சக்கரத்தை உங்கள் பக்கமாகச் சுற்றிவிட்டு, அப்புறம் காலை அழுத்துங்கள். நூலே கோர்க்காமல், கோடு போட்ட நோட்டுத் தாளை வைத்து ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். ஓட்டைகள் கோட்டின் மேலேயே விழுந்தால் கால் படிந்துவிட்டது என்று அர்த்தம். தாள் தைத்த ஊசி மழுங்கியிருக்கும், அதைத் தூக்கிப் போட்டுவிட்டு 14-ம் நம்பர் புது ஊசி மாட்டுங்கள். சாதாரணக் காட்டனுக்கு அது போதும்.

காஜாபையன், மதுரை:

தங்கச்சி, மேலே சொன்னது எல்லாம் சரி. நீங்கள் கேட்ட இன்னொரு கேள்விக்கு நான் பதில் எழுதுகிறேன்.

நான் 1981-ல், 12 வயதில், புதுமண்டபத்தில் காஜா பையனாகச் சேர்ந்தவன். மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் 17-ம் நூற்றாண்டில் கட்டிய மண்டபம் அது. எங்கள் காலத்தில் தூணுக்குத் தூண் தையல் மெஷின். மேலே யாளி பார்த்துக்கொண்டிருக்கும், கீழே மெஷின் ஓடும். இப்போது கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஆனாலும் அத்தனை மெஷின் சத்தமும் ஒன்றாகக் கல்லில் பட்டுத் திரும்பியது இன்னும் என் காதில் இருக்கிறது.

காஜா பையன் மெஷினைத் தொடக் கூடாது. பட்டனுக்குத் துளை வெட்டி, அதன் விளிம்பைக் கையால் தைத்துக் கட்ட வேண்டும், அவ்வளவுதான் அவன் வேலை. வெட்டிய நிமிஷத்திலிருந்து துணியின் இழை பிரிய ஆரம்பிக்கும். ஊசியை அடியிலிருந்து குத்தி, பாதி வெளியே வந்ததும் நூலை முனைக்குச் சுற்றிப் போட்டு இழுத்தால் விளிம்பில் ஒரு சின்ன முடிச்சு உட்காரும். அடுத்த முடிச்சு அதன் தோளை உரசிக்கொண்டு உட்கார வேண்டும். இடைவெளி விட்டால் நாலு துவைப்பில் பிய்ந்துவிடும். ரொம்ப நெருக்கினால் துளை சுருங்கிப் பட்டன் நுழையாது. மூலையில் திரும்புகிற இடம்தான் கஷ்டம், அங்கே முடிச்சுகள் விசிறி மாதிரி விரிய வேண்டும். ஒரு சட்டைக்கு ஏழெட்டு காஜா, ஒரு நாளைக்கு எட்டுப் பத்துச் சட்டை. ஒரு வருஷம் இதே வேலை. அப்போது எனக்குத் தையல் பிடித்ததா என்றால் இல்லை. விரல் நுனி முழுக்கப் புண். வீட்டு நிலைமைக்காக உட்கார்ந்திருந்தேன்.

பிடித்துப்போன நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கடையில் வேலை குறைவான ஒரு மதியம். மாஸ்டர் ஒரு பழைய முழுக்கைச் சட்டையை என் மடியில் போட்டு, "பிரிடா" என்றார். நாலைந்து தையலுக்கு ஒரு தையலாகப் பிளேடால் அறுத்துக்கொண்டே போய், மறுபக்கம் இருக்கிற நூலை இழுத்தால் முழு வரியும் ஒரே இழுப்பில் கழன்று வந்துவிடும் என்று செய்து காட்டினார். முதலில் கை கழன்றது. அதை விரித்துப் போட்டால் மேல் விளிம்பு மேடாக வளைந்திருக்கிறது. சட்டையின் உடம்பில் அது சேர்ந்த இடமோ குழிவாக வளைந்திருக்கிறது. மேடும் பள்ளமும் எப்படி ஒன்றாகத் தைக்கப்பட்டன என்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். காலரைப் பிரித்தால் துண்டுக்குள் துண்டாக வந்துகொண்டே இருந்தது, நடுவில் விறைப்பாக ஒரு கேன்வாஸ். அது வரைக்கும் காலர் ஒரே துணி என்றுதான் நினைத்திருந்தேன், அத்தனை காலருக்கும் காஜா எடுத்தவன் நான்.

மாஸ்டர் வந்து பார்த்தார். தோள் ஒரு பக்கம், முதுகு ஒரு பக்கம், கல்தரை முழுக்கச் சட்டை பரப்பிக் கிடந்தது. "இப்பத் திருப்பிச் சேரு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அன்றைக்குத்தான் முதன்முதலாக மெஷினில் உட்கார்ந்தேன். வலது கையை இடதில் வைத்துத் தைத்துவிட்டேன். மறுபடி பிரித்து, மறுபடி சேர்த்தேன். ராத்திரி விளக்கை அணைக்கிற நேரம் வரைக்கும் எனக்குப் பசியே தெரியவில்லை.

அடுத்த சித்திரைத் திருவிழாவுக்கு மாஸ்டர் எனக்குத் தனியாக ஒரு வேலை கொடுத்தார். அழகருக்கு நேர்ந்துகொண்டு தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் அதற்கென்று போடுகிற உடையைத் தைத்துக்கொள்ளப் புதுமண்டபத்துக்குத்தான் வருவார்கள். வெல்வெட் துணி, ஓரத்தில் ஜரிகை. வெல்வெட் மெஷினுக்கு அடியில் நழுவிக்கொண்டே இருக்கும், கைத் தையல் போட்டுப் பிடித்துக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். ஆறேழு வயதுப் பையன் ஒருவனுக்குப் பச்சை வெல்வெட்டில் சல்லடம், அதாவது குட்டைக் கால்சட்டை, தைத்தேன். அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று விடியக்காலையில் வைகையில் அந்தக் கூட்டத்துக்குள் நின்று அந்தப் பச்சை நிறத்தையே தேடினேன். கண்டுபிடித்துவிட்டேன். தொப்பலாக நனைந்து ஓடிக்கொண்டிருந்தான். தையல் தாங்கியது.

அதனால் போர்டில் எழுதிய கணக்கைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். உங்கள் அத்தை தைத்த பழைய பிளவுஸ் ஒன்று வீட்டில் கட்டாயம் இருக்கும். அதில் ஒரு பக்கத்தை மட்டும் பிரியுங்கள். மறுபக்கம் பார்த்துச் சேர்க்க இருக்கட்டும். டாட் என்கிற மடிப்புத் தையல் எங்கே தொடங்கி எங்கே கூராக முடிகிறது, பட்டி எப்படி மடிந்திருக்கிறது, உள்ளே எவ்வளவு துணி விட்டிருக்கிறார், எல்லாவற்றையும் பாருங்கள். பிரித்த துண்டைச் செய்தித்தாளில் வைத்து வரைந்துகொள்ளுங்கள். அவரே சொல்லிக்கொடுப்பார்.

குமரிக்காரி:

காஜா அண்ணன் எழுதியதைப் படித்ததும் எங்கள் பாட்டி நினைவு வந்துவிட்டது. எங்கள் ஊர் நாகர்கோவில் பக்கம். மார்த்தா மால்ட் என்ற மிஷனரி அம்மையார் 1820-களில் இங்கே பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்த வேலை கை மாறிக் கை மாறி எங்கள் பாட்டி வரைக்கும் வந்திருக்கிறது. மடியில் ஒரு திண்டு, அதில் குத்திய குண்டூசிகள், நூல் சுற்றிய சின்ன மரக்கட்டைகள் ஜோடி ஜோடியாக. அவை ஒன்றோடு ஒன்று மோதுகிற சத்தம் மழைத் தூறல் மாதிரி இருக்கும். பாட்டிக்கு அது கூலி வேலை.

நான் ஆறாம் வகுப்பு படித்தபோது பள்ளியில் தையல் வகுப்பு. ஓட்டுத் தையல், பின் தையல், சங்கிலித் தையல் என்று ஒவ்வொன்றையும் ஒரு வெள்ளைத் துணியில் தைத்து நோட்டில் ஒட்ட வேண்டும். என் பின் தையல் கோணிக்கொண்டே போனது. அழுதுகொண்டு பாட்டியிடம் கொண்டுபோனேன். பாட்டி துணியின் ஓரத்தில் ஊசி முனையால் ஒரே ஒரு இழையைத் தூக்கி, மெதுவாக, அறுந்துவிடாமல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை உருவி எடுத்தார். இழை போன இடத்தில் ஸ்கேல் வைத்த மாதிரி நேராக ஒரு கோடு. "துணியே கோடு போட்டுத் தரும் மக்ளே, நீ அதும்மேல போனா போதும்" என்றார்.

எனக்குப் பிடித்துப்போனது அந்த இடம்தான். இன்றைக்கும் திரைச்சீலை, தலையணை உறை எது வெட்டினாலும் கோடு போடச் சாக் எடுக்க மாட்டேன். இழை உருவித்தான் வெட்டுவேன்.

செங்காந்தள், திருச்சி:

பத்து நாள் கழித்து வருகிறேன். தாளில் ஓட்டிப் பழகினேன், பெடல் இப்போது சொன்ன பக்கம் போகிறது. குருவிக்கூடும் போய்விட்டது, பாதத்தைத் தூக்காமல் நூல் கோர்த்ததுதான் காரணம்.

அண்ணா, நீங்கள் சொன்ன மாதிரி பிரித்தேன். என் வளைகாப்புக்கு அத்தை தைத்துக் கொடுத்த பச்சை பிளவுஸ். குழந்தை பிறந்த பிறகு அது எனக்குப் பத்தவில்லை. பெட்டியில் மடித்து வைத்து 11 வருஷமாகிறது.

பக்கத் தையலைப் பிரிக்க உள்பக்கம் திருப்பினால் அங்கே நாலு வரி தையல். கால் அங்குலம் கால் அங்குலம் இடைவெளி விட்டு, வரிசையாக. ஓரத்தில் ஒன்றரை அங்குலத் துணி. உடம்பை ஒட்டிய முதல் வரியை மட்டும் பெரிய பெரிய தையலாகப் போட்டிருக்கிறார், பிரிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று. கொடுக்கும்போது, "பத்தலைன்னா சொல்லும்மா" என்றார். நான் சொல்லவே இல்லை. துணி அவ்வளவுதான், இனிமேல் ஆகாது என்று நினைத்து எடுத்து வைத்துவிட்டேன்.

இரண்டு வரி பிரித்தேன். போட்டுப் பார்த்தேன், பொருந்தியது. வெகு நேரம் மெஷின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் மறுநாள் அந்தக் கையைக் கழற்றித் தாளில் வரைந்துவிட்டேன். அதில்தான் ஒரு சந்தேகம். கையின் மேல் விளிம்பில் ஒரு பக்கம் குழிவு அதிகமாகவும் இன்னொரு பக்கம் குறைவாகவும் இருக்கிறது. எது முன்பக்கம்?

காஜாபையன், மதுரை:

குழிவு அதிகமாக இருப்பது முன்பக்கம், தங்கச்சி. உடம்பிலும் முன் கைக்குழி அப்படித்தான் உள்ளே வளைந்திருக்கும், வைத்துப் பாருங்கள். புதுத் துணியில் வெட்டியதும் இரண்டு கையிலும் முன்பக்கத்தில் சாக்கால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். வெட்டப் பழகிய நாளிலிருந்து நான் அப்படித்தான் வைக்கிறேன்.