மஞ்சள் வளையம் இருந்தால் பூஞ்சைதானா?

மயிலை மாடி:
போரூர் அக்கா நேற்று தன் ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட் இலையின் படம் போட்டார். கரும்புள்ளி, சுற்றிலும் மஞ்சள் வளையம். உடனே ஒருவர், "வளையம் இருந்தால் பூஞ்சை, மான்கோசெப் அடியுங்கள்" என்று எழுதிவிட்டார். படித்ததும் வயிறு எரிந்தது. பாக்டீரியா புள்ளிக்கும் மஞ்சள் வளையம் வரும். நீர் கோத்த கொப்புளம் போல ஆரம்பித்து, இந்த ஐப்பசி மழையில் சில நாளிலேயே குருத்துக்கு இறங்கும். குருத்து அழுகினால் செடியே போச்சு. மான்கோசெப் பூஞ்சைக்கான மருந்து, பாக்டீரியாவை அடக்காது.

வேளச்சேரி டெண்ட்ரோபியம்:
அந்த ஒருவர் நான்தான் சார். பெயரைச் சொல்லியே திட்டலாம். 14 வருஷமாக ஆர்க்கிட் வளர்க்கிறேன். வளையம் என்றால் பூஞ்சை. என் செடி மான்கோசெப்பில்தான் பிழைத்தது.

மயிலை மாடி:
மருந்தால் பிழைத்ததா, மழை விட்டதால் பிழைத்ததா? செர்கோஸ்போரா பூஞ்சை என்றால் முதலில் இலையின் அடிப்பக்கம் மஞ்சளாகும். அப்புறம்தான் மேலே தெரியும், காய்ந்து குழி விழும். அக்காவின் இலை அழுத்தினால் மெத்தென்று இருக்கிறதாம். இலையைத் திருப்பிப் பார்க்கச் சொன்னீர்களா?

வேளச்சேரி டெண்ட்ரோபியம்:
வளையம் இருக்கிறதா இல்லையா? இருக்கிறது. பூஞ்சை.

அம்பத்தூர் நிழல்வலை:
எனக்கு இது வெயில் சுட்ட திட்டாகத் தெரிகிறது. இலை வளைகிற மேட்டில்தானே இருக்கிறது? திட்டின் ஓரத்தைப் பேனாவால் கோடு போட்டு வையுங்கள். ஒரு வாரத்தில் கோட்டைத் தாண்டாவிட்டால் வெயில்தான்.

மயிலை மாடி:
ஐப்பசியில் எந்த வெயில் ஐயா சுட்டது? பாக்டீரியாவாக இருந்தால் ஒரு வாரத்தில் கோடும் இருக்காது, இலையும் இருக்காது.

வேளச்சேரி டெண்ட்ரோபியம்:
நிழல்வலை சார் பேச்சைக் கேட்டுத்தான் போன வருஷம் காப்பர் ஆக்சிகுளோரைடு மருந்து அடித்தேன். என் டெண்ட்ரோபியம் ஆர்க்கிட்டின் மொட்டெல்லாம் கொட்டியது. மறக்கவில்லை.

அம்பத்தூர் நிழல்வலை:
டெண்ட்ரோபியத்துக்குக் காப்பர் ஆகாது என்று அன்றைக்கே எழுதினேன். வேறு செடிக்குச் சொன்னதை எடுத்து அடித்தது நீங்கள்.

போரூர் அக்கா:
தம்பிகளா, கீழ் இலைகளில் நுனியும் கருகுகிறது. போர் தண்ணீர்தான் ஊற்றுகிறேன்.

மயிலை மாடி:
அது உப்பு அக்கா, வேறு சங்கதி. மழைத் தண்ணீர் பிடித்து ஊற்றுங்கள். இப்போது அவசரம் புள்ளிதான். புள்ளிக்கு ஓர் அங்குலம் தள்ளி, நல்ல பச்சையில் வெட்டுங்கள். கத்தரியைத் தீயில் காட்டாமல் அடுத்த செடியைத் தொடாதீர்கள். சிம்பிடியம் மொசைக் வைரஸ் அப்படித்தான் பரவும், அதற்கு மருந்தே கிடையாது. வேளச்சேரிக்காரர் எனக்குக் கொடுத்த கன்றில் வந்த வைரஸ் கோடுகளை நான் இன்னும் மறக்கவில்லை.

வேளச்சேரி டெண்ட்ரோபியம்:
இனாமாகக் கொடுத்த கன்றுக்குக் குறை வேறா? உங்கள் கத்தரியில் வந்த கோடு அது.

போரூர் அக்கா:
புள்ளி காலையில் இருந்ததைவிடப் பெரிதாகிவிட்டது. வெட்டப் போகிறேன்.

வேளச்சேரி டெண்ட்ரோபியம்:
வெட்டுங்கள் அக்கா. வெட்டிய இடத்தில் மான்கோசெப் தடவுங்கள். வளையம் இருந்ததே, நீங்களே பார்த்தீர்கள்.

மயிலை மாடி:
மறுபடியும் வளையமா!