பேட்ச் தர வேண்டியது யார்?

நண்பர்களே, சென்னை ரிச்சி தெருவில் தம்பிக்காக ஒரு கணினி விளையாட்டின் குறுந்தகடு வாங்கினேன். ஆசியப் பதிப்பு. மூன்றாம் கட்டம் முடிந்ததும் திரை அப்படியே உறைந்துவிடுகிறது. உருவாக்கிய நிறுவனத்தின் பேட்ச், அதாவது பிழை நீக்கும் திருத்தக் கோப்பைப் போட்டால் ‘தவறான பதிப்பு’ என்று நின்றுவிடுகிறது. அந்தந்தப் பகுதியில் விற்கும் வெளியீட்டாளர்கள் நகல் தடுப்புக்காக விளையாட்டின் முதன்மைக் கோப்பை மாற்றினால் இப்படி ஆகும். கேட்டால் உருவாக்கியவர்கள் வெளியீட்டாளரைக் கைகாட்டுகிறார்கள், வெளியீட்டாளர் உருவாக்கியவர்களை. காசு வாங்கும்போது மட்டும் இந்தக் குழப்பம் யாருக்கும் வரவில்லை!

என்னைக் கேட்டால், பெட்டியில் பெயர் போட்டு விற்றவரே பொறுப்பு. கடையில் விற்கும் மென்பொருளும் சரக்குதான் என்று 2004இல் உச்ச நீதிமன்றமே (வரி வழக்கில்தான்) சொல்லியிருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் இப்படிப் புகார் செய்தவர்கள் உண்டா? கடைக்காரர் மேல் பதிவதா, வெளியீட்டாளர் மேலா? ஆசியப் பதிப்புக்குப் பேட்ச் கிடைத்தவர்களும் சொல்லுங்கள்.