மலிவான கிளாஸ்-டீ பலகைக்கு மேலும் காசு போடலாமா?

கொட்டாஞ்சேனை இளையவன்:
புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ரீபீஏ3116 சில்லு பொருத்திய கிளாஸ்-டீ (மின்னை மிக வேகமாகத் துடிக்கவிட்டு ஒலியைப் பெருக்கும் வகை) அம்பிளிபையர் பலகை ஒன்று வாங்கியிருக்கிறேன். கையில் 19 வோல்ற்று, 3.42 அம்பியர் மடிக்கணினி அடப்டர் இருக்கிறது. ஸ்பீக்கர்கள் 4 ஓம். குரல் தெளிவாக வருகிறது, மிருதங்கத்தின் தொப்பி ஒலி மட்டும் காணாமல் போகிறது. பிரதான கப்பாசிட்டர்களில் 25 வோல்ற்று என்று அச்சிட்டிருக்கிறது. விற்றவரோ 24 வோல்ற்று கொடுக்கலாம் என்றார். ஓப்-அம்ப் (முன்னால் நின்று ஒலிக்குறியைப் பெருக்கும் சிறு சில்லு), கப்பாசிட்டர், கொயில் (வெளியீட்டில் துடிப்பை வடிகட்டும் கம்பிச்சுருள்) எல்லாவற்றையும் மாற்றினால் சரிவருமா?

வெள்ளவத்தை மூத்தவர்:
தம்பி, ஒரு சதமும் போடாதீர். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் அந்தச் சில்லுக்குச் சொல்லும் 50 வாற்று, 21 வோல்ற்றில் 10 சதவீதத் திரிபுடன் (ஒலி உருக்குலைவுடன்) வருவது. 10 சதவீதத் திரிபென்றால் அலையின் தலை வெட்டுப்பட்டுவிட்டது. அதை இசை என்று ஏற்க முடியாது. உமது அடப்டர் தருவதே 65 வாற்று. இரு பக்கமும் சேர்த்து 100 வாற்று எங்கிருந்து வரும்? சில்லு அசலா என்பதும் தெரியாது. மேற்பரப்பைத் தேய்த்து வேறு பெயர் அச்சிடுகிறார்கள். அந்தக் காசில் நல்ல பழைய கிளாஸ்-ஏபீ (துடிக்கவிடாமல் தொடர்ச்சியாகப் பெருக்கும் வகை) அம்பிளிபையர் ஒன்றைத் திருத்தி எடும், பேரப்பிள்ளைகள் காலம்வரை ஓடும்.

தெமட்டகொடைத் திருத்துநர்:
ஐயா, வாற்றுக் கணக்கை யாரும் மறுக்கவில்லை. 19 வோல்ற்றில் 4 ஓமுக்குக் கணக்கின் உச்சமே 45 வாற்றுத்தான், இழப்பைக் கழித்தால் அதற்கும் கீழே. ஆனால் இளையவன் கேட்பது வாற்று அல்ல, அடியொலி. அதற்குக் காரணம் பெரும்பாலும் உள்ளீட்டுக் கப்பாசிட்டர்.

இந்தச் சில்லின் உள்ளீட்டுத் தடை, பெருக்கத்தைப் பொறுத்து மாறும். 20 டெசிபலில் 60 கிலோ ஓம், 26 டெசிபலில் 30 கிலோ ஓம், 36 டெசிபலில் வெறும் 9 கிலோ ஓம். மலிவுப் பலகைகள் சிலவற்றில் 1 மைக்ரோபரட் இருக்கவேண்டிய இடத்தில் 0.1 வைத்துவிடுகிறார்கள். 26 டெசிபலில் அது 53 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டும். 36 டெசிபலில் 177 ஹேர்ட்ஸிலேயே வெட்டத் தொடங்கும். பிறகு தொப்பி எப்படிக் கேட்கும்? அந்தக் கப்பாசிட்டரைக் கழற்றி அளந்து பாருங்கள். 0.1 என்றால் 1 மைக்ரோபரட் பிலிம் வகையைப் போடுங்கள். பெருக்கம் 36இல் இருந்தால், பெருக்கத்தைத் தீர்மானிக்கும் தடைகளை மாற்றி 26க்கு இறக்குங்கள். இரைச்சலும் குறையும்.

25 வோல்ற்றுக் கப்பாசிட்டருக்கு 24 வோல்ற்றுக் கொடுக்கவே வேண்டாம். 19 வோல்ற்றில் அது தாராளமாக நிற்கும், மாற்றத் தேவையில்லை.

மருதானை இசைப்பிரியன்:
ஓப்-அம்ப்பை ஏன் விட்டுவிட்டீர்கள்? என் பலகையில் இருந்ததைக் கழற்றி உயர்ரகம் போட்டபோது பாடகரின் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. அளவுகருவி எல்லாவற்றையும் சொல்லாது.

தெமட்டகொடைத் திருத்துநர்:
எந்த ஓப்-அம்ப் ஓடுகிறது என்று தெரியாமல், ஒலியளவைச் சமப்படுத்தி, வேறொருவர் மாற்றித்தர, காதால் கேட்டு ஒப்பிட்டீர்களா? என்ஈ5532 என்ற ஓப்-அம்ப்பின் திரிபு, பின்னால் உள்ள சக்திச் சில்லின் திரிபைவிட மிகக் குறைவு. முன்னால் இருப்பதை இன்னும் தூய்மையாக்கிப் பயனில்லை.

மருதானை இசைப்பிரியன்:
அசல் என்ஈ5532 என்றால் உங்கள் வாதம் நிற்கும். இந்தப் பலகைகளில் இருப்பது அசலா? என்னுடையதில் சத்தம் குறைவாக வைத்தால் ‘ஸ்ஸ்’ என்று ஓர் இரைச்சல் எப்போதும் இருந்தது, மாற்றியதும் போய்விட்டது. அது கற்பனை அல்ல.

தெமட்டகொடைத் திருத்துநர்:
அப்படியானால் நம்பகமான கடையில் அசல் என்ஈ5532 ஒன்றைப் போடுங்கள், அதற்கு மேல் செலவழிக்க வேண்டாம். நான் அதைவிடக் கவனிப்பது கொயில். பலகையை 19 வோல்ற்றில் இணைத்து, பாட்டு எதுவும் போடாமல் சிறிது நேரம் விடுங்கள். அப்போதே கொயில் சுடுகிறதென்றால் அதன் உட்கரு சில்லு துடிக்கும் மீடிறனுக்கு (அலைவெண்ணுக்கு) ஏற்றதல்ல, அல்லது தூண்டல் அளவு போதாது. அதை மாற்றுவது உண்மையான மேம்பாடு. ரீபீஏ3116இல் வெப்பம் மேற்புறமாக வெளியேறும்; வெப்பத் தட்டு வெறும் ஒட்டுநாடாவில் கோணலாக நின்றால் கழற்றி, பசை தடவி இறுக்குங்கள்.

இளையவனுக்கு ஒன்று: ஸ்பீக்கரின் கறுப்பு முனை தரை அல்ல. இரு முனைகளிலும் வழங்கும் மின்னழுத்தத்தில் ஏறத்தாழப் பாதி நிற்கும். இரு பக்கக் கறுப்பு வயர்களையும் சேர்க்காதீர்கள், ஒசிலோஸ்கோப்பின் தரைக் கவ்வியை அங்கே மாட்டாதீர்கள். சில்லு போய்விடலாம். ஸ்பீக்கரை இணைக்கும் முன் ஒரே பக்கத்தின் இரு முனைகளுக்கிடையே நேரோட்ட அழுத்தத்தை அளவுங்கள். சில பத்து மில்லிவோல்ற்றுக்கு மேல் காட்டினால் அந்தப் பலகையைக் கடைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.

வெள்ளவத்தை மூத்தவர்:
கடற்கரையோரத்தில் இருப்பவன் சொல்கிறேன், கேளும். பற்றாசு வைத்தபின் கழுவாமல் விட்ட பலகையில் உப்புக்காற்று ஏறினால் பச்சை பூக்கும். இன்னொன்று, 400 கிலோஹேர்ட்ஸில் துடிக்கும் இந்தச் சாமான் 800இலும் 1200இலும் மத்திய அலை வானொலியைக் கெடுக்கும். கிளாஸ்-ஏபீயில் இந்த வானொலித் தொல்லை இல்லை.

தெமட்டகொடைத் திருத்துநர்:
ஐசோபுறோப்பைல் அற்ககோலால் தூரிகை போட்டுக் கழுவி, உலோகப் பெட்டிக்குள் வைத்து, ஸ்பீக்கர் வயரைக் குட்டையாக்கினால் இரண்டும் பெருமளவு அடங்கும், ஐயா. பழைய கிளாஸ்-ஏபீயில் வற்றிப்போன கப்பாசிட்டர்களை மாற்றும் செலவை நீங்கள் கணக்கில் எடுக்கவில்லை.

வெள்ளவத்தை மூத்தவர்:
எடுத்துத்தான் சொல்கிறேன். அது ஒருமுறைச் செலவு.

கொட்டாஞ்சேனை இளையவன்:
உள்ளீட்டுக் கப்பாசிட்டரைக் கழற்றி அளந்தேன்: 0.1 மைக்ரோபரட். பெருக்கம் 26 டெசிபல். இரண்டு பக்கத்துக்கும் 1 மைக்ரோபரட் பிலிம் வாங்கப் போகிறேன். ஓப்-அம்ப்பை இப்போதைக்குத் தொடவில்லை. அடப்டர் 19 வோல்ற்றுத்தான்.