எட்டாவட்டு: ஒரு சொல்லும் சில தகராறுகளும்

அனைவருக்கும் வணக்கம்.

நிலைபொருள் (பயாஸ் போன்று தாய்ப்பலகையிலேயே பதிந்துள்ள மென்பொருள்) அமைப்பில் சேமிப்பக முறையை மாற்றியபின் கணினி பாதியில் நின்றுபோவதைத் தமிழில் 'துவக்கத் தோல்வி' என்று எழுதலாம் என ஒருவர் முன்மொழிந்திருந்தார். எனக்கு உடன்பாடில்லை. பாதித் துவக்கம் ஒழுங்காகவே நடந்துவிடுகிறது.

வட்டோடு கணினி பேசும் முறை ஏ.எச்.சி.ஐ. (AHCI) என்றிருந்ததை ரெய்டு (RAID) என்று மாற்றிச் சேமித்துவிட்டோம் என்று வையுங்கள். துவக்க ஏற்றி, அதாவது இயங்குதளத்தை எழுப்பும் சிறு நிரல், வட்டைப் படிக்கிறது. இயங்குதளத்தின் மையப் பகுதியான கருவை நினைவகத்தில் ஏற்றியும் விடுகிறது. அதுவரை வட்டைப் படித்துக் கொடுத்தது நிலைபொருள். கரு பொறுப்பேற்றபின் தன் சொந்த இயக்கியை (வன்பொருளைக் கையாளும் மென்பொருளை, அதாவது டிரைவரை) கொண்டுதான் வட்டைத் தொட வேண்டும். புதிய முறைக்குரிய இயக்கியைத் துவக்கத்திலேயே ஏற்றும்படி அதற்கு யாரும் சொல்லிவைக்கவில்லை. எந்த வட்டிலிருந்து எழுந்து வந்ததோ, அந்த வட்டே அதன் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. விண்டோஸ் 0எக்ஸ்7பி என்ற பிழையோடு நீலத்திரையில் நிற்பது இதனால்தான்.

வட்டு பழுதாகவில்லை, கோப்பு எதுவும் அழியவில்லை. கைக்கு எட்டவில்லை, அவ்வளவே. எட்டாக்கனி இருக்கும்போது 'எட்டாவட்டு' இருக்கக் கூடாதா? வல்லினம் வந்தால் ஒற்று மிகும். வகரம் இடையினம், ஆகவே அந்தத் தொல்லையும் இல்லை.

இதைச் சரிசெய்வதை 'மீட்பு' என்று எழுதுவதையும் தவிர்க்கலாம். அழிந்த தரவை எடுப்பதற்கு அந்தச் சொல் ஏற்கெனவே வழங்குகிறது. மீட்பு என்று படித்த பயனர் எல்லாம் போயிற்று என்று பதறி, இயங்குதளத்தை மறுபடி நிறுவப் போய், இருந்ததையும் உண்மையாகவே அழித்துவிடுவார்.

--

> எட்டாக்கனி இருக்கும்போது 'எட்டாவட்டு' இருக்கக் கூடாதா?

இருக்கலாம் ஐயா, ஆனால் அவசரத்தில் இதை 'எட்டாவது வட்டு' என்றுதான் படிப்பார்கள். பல வட்டுகள் பொருத்திய வழங்கிகளோடு (சர்வர்களோடு) மல்லுக்கட்டும் எனக்கு அது வேடிக்கையாகத் தெரியவில்லை. ஏழாவது வட்டை விட்டுவிட்டு எட்டாவதைக் கழற்றுவான் ஒருவன்.

இன்னொன்று. 'மாற்றியபின்' என்கிறீர்கள், எல்லாரும் கையால் மாற்றுவதில்லை. தாய்ப்பலகையிலுள்ள நாணய வடிவ மின்கலம் தீர்ந்தால் அமைப்புகள் இயல்புநிலைக்குப் போய்விடலாம், சேமிப்பக முறையும் அதோடு மாறலாம். 'நான் எதையுமே தொடவில்லை' என்று பயனர் சொல்வது பல நேரம் உண்மைதான். ஆகவே சொல்லுக்குள் 'மாற்றம்' வராமல் விட்டது நல்லது. அந்த அளவில் உங்கள் பக்கம் நிற்கிறேன்.

--

எட்டாவது வட்டு எனக்குத் தோன்றவே இல்லை. பிரித்து 'எட்டா வட்டு' என்று எழுதுவோம். திண்மநிலைச் சேமிப்பகத்தில் வட்டமாக எதுவும் இல்லையே என்று யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன்: 'வட்டு' இப்போது பொருளால் நிற்கிறது, வடிவத்தால் அன்று.

உதவிக் குறிப்பில் வைத்துப் பார்த்தேன்:

'எட்டா வட்டு பிழை வந்தால், நிலைபொருள் அமைப்பில் பழைய சேமிப்பக முறையையே மீண்டும் தேர்ந்தெடுக்கவும். புதிய முறைதான் வேண்டுமெனில், முதலில் விண்டோஸ் பாதுகாப்பு முறையில் (Safe Mode) துவங்கும்படி அமைக்கவும். மறுதுவக்கத்தின்போது சேமிப்பக முறையை மாற்றவும். பாதுகாப்பு முறையில் ஒருமுறை துவங்கினால் தேவையான இயக்கி ஏற்றப்படும்; பிறகு அந்த அமைப்பை நீக்கிவிடவும். வட்டு விண்டோஸின் பிட்லாக்கர் வசதியால் மறையாக்கப்பட்டிருந்தால் 48 இலக்கத் திறவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்கவும்.'

'எட்டா வட்டு' உறுத்தவில்லை. உறுத்துவது 'முறை'. சேமிப்பக முறை, புதிய முறை, பாதுகாப்பு முறை, போதாததற்கு ஒருமுறை. இதற்குப் 'பாங்கு' என்று வைத்தால் என்ன? சேமிப்பகப் பாங்கு, பாதுகாப்புப் பாங்கு. மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.