மறுமொழி: அமீன் பிளஷ் – ‘அமீன் பூத்தல்’ எனலாமா?

வணக்கம்.

விமான மாதிரி செய்வோருக்கான சொற்பட்டியலில் அமீன் பிளஷுக்கு ‘அமீன் நாணம்’ என்று ஒரு பரிந்துரையைப் பார்த்தேன். பிளஷ் என்றால் வெட்கத்தில் முகம் சிவப்பது என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை, இங்கே எதுவும் சிவப்பதில்லை. எபாக்சி ரெசின் இறுகும்போது, அதை இறுக வைக்கக் கலக்கும் ஹார்டனரில் உள்ள அமீன் என்ற வேதிப்பொருள், காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து கார்பமேட் என்ற சேர்மமாகி மேலே வந்து நிற்கிறது. இதுதான் அமீன் பிளஷ். விரலால் தடவினால் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி வழுக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பளபளப்பு திட்டுத்திட்டாக மங்கியிருக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வீசும் ஆடி மாதத்தில் கோவைப் பக்கம் ரெசின் வேலை செய்கிறவர்கள் இதற்குப் பயந்தே ஆக வேண்டும்.

இதற்கு நண்பர் ஒருவர் சொன்ன ‘அமீன் படிவு’ பரவாயில்லை. ஆனால் படிவு என்றதும் தூசி மாதிரி வெளியிலிருந்து வந்தது என்று தோன்றும். தின்னரில் ஒரு துடைப்புத் துடைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். தின்னருக்கு இது சரியாகப் போகாது. வெதுவெதுப்பான தண்ணீரும் தேய்ப்பு நாரும்தான் வேண்டும்.

சுவர் உப்புப் பூத்திருக்கிறது என்கிறோமே, அதே வினைதான் இதற்கும் பொருந்துகிறது. உள்ளிருப்பது ஈரத்தால் மேலே கிளம்புவதைச் சொல்லும் சொல் அது. ஆகவே ‘அமீன் பூத்தல்’. (‘பூப்பு’ என்று சுருக்க வேண்டாம், வேறு பொருள் முந்திக்கொள்ளும்.) பட்டறையிலும் தடங்கலின்றி வாயில் வரும்: “றெக்கை பூத்திருக்குதுங்க, கழுவிப்போட்டு அப்புறம் தேய்க்கலாம்.”

அந்த வரிசையை விளக்கக் குறிப்பில் கட்டாயம் சேர்க்க வேண்டும். முதலில் கழுவல், ஈரம் காய்ந்த பிறகே உப்புத்தாள், அதற்குப் பிறகு பட்டியும் பிரைமரும். கழுவாமல் தேய்த்தால் தாள் அடைத்துக்கொள்ளும், பிசுக்கும் கீறல்களுக்குள் அப்பிக்கொள்ளும். பெயிண்ட் அடித்த அன்று குறை தெரியாது. இரண்டாம் நிறத்துக்கு ஒட்டிய டேப்பை உரிக்கும்போது முதல் நிறமும் தோலாக அதோடு வந்துவிடும்.

இன்னொன்று. தெர்மாகோல் றெக்கைமேல் கண்ணாடி இழைத்துணி ஒட்டும்போது காற்றுபட்டு இறுகும் வெளிப்பக்கம்தான் பூக்கும். அச்சில் எடுத்த உடற்பகுதியின் வெளிப்பக்கத்தில் இருப்பது அச்சுக்குப் பூசிய மெழுகு. அது தண்ணீருக்கு அசையாது, மெழுகு நீக்கும் திரவம்தான் வேண்டும். அதை ‘அச்சு மெழுகு’ என்று தனிச் சொல்லாகவே வைக்கலாம்.