5 இரவு சிங்கப்பூர் கப்பல்: சைவச் சாப்பாடு, உடை, கரையில் இறங்குவது பற்றிச் சில சந்தேகங்கள்

செம்பருத்தி_கோவை

எல்லாருக்கும் வணக்கம். வர்ற மார்ச்சில் சிங்கப்பூரிலிருந்து 5 இரவு கப்பல் புக் செய்திருக்கிறோம். முதல் நாள் மதியம் ஏறுகிறோம். இரண்டாம் நாள் போர்ட் கிள்ளான், மூன்றாம் நாள் பினாங்கு, நான்காம் நாள் புக்கெட், ஐந்தாம் நாள் முழுக்கக் கடல், ஆறாம் நாள் காலை திரும்பவும் சிங்கப்பூர். நான், கணவர், 9 வயதுப் பையன், மாமனார், மாமியார். எல்லாருக்கும் இந்தியப் பாஸ்போர்ட். கப்பல் அமெரிக்கக் கம்பெனியுடையது.

மாமனார், மாமியார் இருவரும் முட்டைகூடத் தொடாத சைவம். மாமியாருக்கு முழங்கால் வலி வேறு.

1. சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு? பொடி, ஊறுகாய், சின்ன ரைஸ் குக்கர் கொண்டு போகலாமா?
2. ஒரு நாள் "ஃபார்மல் நைட்" என்று போட்டிருக்கிறது. கோட்டு இல்லாமல் முடியாதா? மாமனார் வேட்டிதான் கட்டுவார்.
3. மூன்று ஊரிலும் கப்பல்காரர்களின் டூர் எடுப்பதா, நாமே இறங்கிச் சுற்றுவதா?

அடுக்களை

சாப்பாட்டை மட்டும் நான் சொல்கிறேன்.

ரைஸ் குக்கரை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். சூடாக்கும் கம்பி உள்ள சமையல், இஸ்திரிச் சாமான்கள் கப்பலில் ஏறாது. குக்கர், கெட்டில், இஸ்திரிப் பெட்டி, சில கம்பெனிகளில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்கூட ஸ்கேனரில் பிடித்து எடுத்து வைத்துவிட்டு, இறங்கும்போதுதான் தருவார்கள். நடுக்கடலில் தீ என்றால் ஓடிப்போக இடமில்லை, அதனால் இதில் சலுகையே கிடையாது. வீட்டில் சமைத்த புளிசாதம், சப்பாத்தியும் கூடாது. கடையில் வாங்கிய, சீல் பிரிக்காத பொடி, ஊறுகாய், பிஸ்கட் பரவாயில்லை. வாங்கும்போது பாக்கெட்டில் கசகசா இருக்கிறதா என்று பாருங்கள். சிங்கப்பூரில் கசகசா போதைப் பொருள் தடுப்புப் பிரிவின் தடைப் பட்டியலில் இருக்கிறது. குருமா மசாலாப் பொடிகளில் அது சாதாரணமாக இருக்கும்.

இப்போதே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. புக்கிங்கில் "ஸ்பெஷல் டயட்" பகுதியில் இருவர் பெயருக்கும் "இந்திய சைவம், முட்டை கிடையாது" என்று பதிய வையுங்கள். கம்பெனியைப் பொறுத்து 45 முதல் 90 நாள் முன்பே கேட்பார்கள். பதிந்ததோடு வேலை முடிந்ததாக நினைக்க வேண்டாம். அந்தக் குறிப்பு சமையலறை வரை ஒழுங்காகப் போய்ச் சேரும் என்று நம்ப முடியாது. ஏறிய அன்றே, டின்னருக்கு முன்னால், பெரிய டைனிங் ஹாலுக்குப் போய் ஹெட் வெயிட்டரைப் பிடித்து மேஜை எண்ணையும் தேவையையும் சொல்லுங்கள். அதன்பின் ஒவ்வொரு இரவும் மறுநாள் என்ன வேண்டும் என்று அவரே கேட்பார். இந்திய சைவத்தைத் தனியாகச் சமைக்கிறார்கள், முதல் நாள் சொன்னால்தான் மறுநாள் மேஜைக்கு வரும். வருவது பெரும்பாலும் பருப்பு, பனீர், உருளைக்கிழங்கு, சோறு, ரொட்டி என்று வடக்கத்திச் சமையல்தான். சாம்பார், ரசம் எதிர்பார்க்காதீர்கள். ரொட்டி, நானில் முட்டை சேர்ப்பதும் உண்டு, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

டின்னர் நேரம் இரண்டு விதம். ஒன்று தினமும் ஒரே நேரம், ஒரே மேஜை, அதே வெயிட்டர். மற்றது நினைத்த நேரத்துக்குப் போவது. இப்படி விசேஷச் சாப்பாடு வேண்டியவர்களுக்கு முதல் விதமே நல்லது. தினமும் புது ஆளிடம் முட்டைக் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டாம். அதிலும் முன்னேர ஷிஃப்டை எடுங்கள், வயதானவர்களுக்கு ராத்திரி எட்டு மணிச் சாப்பாடு ஒத்துவராது.

மாட்டிக்கொள்வது பஃபேயில்தான். அங்கே "வெஜிடேரியன்" என்று எழுதியிருந்தால் முட்டை, சீஸ் இருக்கலாம் என்று பொருள். காய்கறி சூப்புக்குக் கோழி எலும்பு வேகவைத்த தண்ணீரை அடியாக ஊற்றியிருக்கலாம், லேபிளைப் பார்க்காமல் எடுக்காதீர்கள். சீசர் சாலடின் டிரெஸ்ஸிங்கில் நெத்திலி உண்டு. தாய் பச்சைக் கறி, சம்பல், காங்கோங் கீரைப் பொரியல் மூன்றிலும் இறால் விழுது சேரும். ஜெல்லி, மூஸ் வகைகளில் ஜெலட்டின். ஃபிரெஞ்ச் ஃபிரைஸ் பொரிக்கும் எண்ணெயிலேயே மீனும் பொரிப்பதுண்டு. லேபிள் புரியவில்லை என்றால் தட்டுக்குப் பின்னால் நிற்கிற பையனைவிட, வெள்ளைத் தொப்பி போட்ட செஃப்பிடம் கேளுங்கள். அலர்ஜிக் கேள்வி என்றால் பட்டியலைப் பார்த்துத்தான் பதில் சொல்வார்கள்.

தயிர்சாதப் பிரச்சினை எளிது. காலை பஃபேயில் சர்க்கரை போடாத தயிர் இருக்கும், சுடுசோறு மதியமும் இரவும் கிடைக்கும். ஃபில்டர் காபிக்கு வழியில்லை. இன்ஸ்டன்ட் பாக்கெட் எடுத்துப் போங்கள், வெந்நீர் பஃபேயில் கிடைக்கும்.

பஃபே வாசலில் கை கழுவும் தொட்டி இருக்கும். சானிடைசர் தடவிக்கொண்டு உள்ளே போய்விடாதீர்கள். கப்பலில் வாந்தி பேதி பரப்பும் நோரோ வைரஸ் சானிடைசருக்கு அவ்வளவாகக் கட்டுப்படாது, சோப்புத் தண்ணீர்தான் வேண்டும்.

மரீனா_சவுத்

சிங்கப்பூர்ப் பக்கத்தில் கவனிக்க வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இங்கே கப்பல் முனையம் இரண்டு: மரீனா பே, ஹார்பர்ஃபிரண்ட். டிக்கெட்டில் எது என்று பாருங்கள். "குரூஸ் சென்டர்" என்று மொட்டையாகச் சொன்னால் டாக்சி எந்தப் பக்கமும் போகும். மரீனா பே என்றால் மரீனா சவுத் பியர் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் ஐந்து பேர் பெட்டியோடு டாக்சிதான் சரி.

விசா மல்டிபிள் என்ட்ரியா என்று பாருங்கள். கப்பலில் திரும்பி வருவது இரண்டாவது நுழைவு. அதற்கு எஸ்ஜி அரைவல் கார்டும் (சிங்கப்பூரின் ஆன்லைன் வருகைப் படிவம்) மறுபடி நிரப்ப வேண்டும், இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். வந்து சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள்தான் அந்தப் படிவத்தைச் சமர்ப்பிக்க முடியும். உங்கள் கணக்கில் நான்காம் நாள், அதாவது புக்கெட்டில் இருக்கும்போதுதான் திறக்கும். அங்கே மொபைல் டேட்டாவில் ஐந்து பேருக்கும் நிரப்பிவிடுங்கள். ஐந்தாம் நாள் நடுக்கடலில் என்றால் கப்பல் வைஃபைக்குக் காசு கொடுக்க வேண்டியிருக்கும். மலேசியா 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு விசா கேட்பதில்லை. தாய்லாந்து விதிகள் அடிக்கடி மாறுகின்றன. இரண்டு நாட்டுக்கும் ஆன்லைன் வருகைப் படிவம் தேவையா என்பதையும் கிளம்பும் வாரத்தில் கம்பெனியிடமே கேளுங்கள்.

உடைக்கு வருவோம். கோட்டு கட்டாயம் இல்லை. நாட்டுடைக்கு எப்போதும் மரியாதை உண்டு. வெள்ளைச் சட்டை, பட்டுக்கரை வேட்டி, தோல் செருப்பு போதும். ரப்பர் செருப்புதான் ஆகாது. பெண்களுக்குப் பட்டுப்புடவை தாராளம். உங்கள் கணவருக்கு முழுக்கால் சட்டை, காலர் வைத்த சட்டை, மூடின ஷூ. மற்ற இரவுகளில் டைனிங் ஹாலுக்குக் கையில்லாத பனியன், நீச்சல் உடை, தொப்பி கூடாது. ஃபார்மல் இரவில் யாருக்காவது உடுத்த மனமில்லை என்றால் பஃபேயில் சாப்பிட்டுக்கொள்ளலாம், அங்கே கேட்க மாட்டார்கள். நீச்சல் குளத்திலிருந்து ஈரத்தோடு பஃபேக்குப் போனால் மட்டும் திருப்பி அனுப்புவார்கள், பையனிடம் சொல்லி வையுங்கள்.

வெயில் ஊர் என்று மெல்லிய துணியாகவே அடுக்காதீர்கள். தியேட்டரிலும் டைனிங் ஹாலிலும் ஏசி எலும்பைத் துளைக்கும். மாமியாருக்கு ஒரு சால்வை, காலுறை. இஸ்திரி கிடையாது என்பதால் பருத்திப் புடவையைவிடச் சுருங்காத துணி வசதி.

துறைமுகத்தில் பெட்டியைக் கொடுத்தால் அது கேபின் வாசலுக்கு வரச் சாயங்காலம் ஆகும். மருந்து, பாஸ்போர்ட், ஒரு மாற்று உடை கைப்பையில் இருக்கட்டும். கடைசி இரவு இதற்கு நேர் எதிர். பதினோரு மணிக்குள் பெட்டியை வெளியே வைக்கச் சொல்வார்கள். எல்லாவற்றையும் அடுக்கிக் கொடுத்துவிட்டு, காலையில் இரவு உடையோடு குடியேற்ற வரிசையில் நிற்கிறவர்களை ஒவ்வொரு பயணத்திலும் பார்க்கலாம்.

கப்பலில் எல்லாச் செலவும் அமெரிக்க டாலரில், அறை அட்டை வழியாகத்தான். பையனோ மாமனாரோ ஆளுக்குத் தினமும் ஒரு டிப்ஸ் தொகை தானாக ஏறும், வயது வித்தியாசம் இல்லை. டிக்கெட்டோடு கட்டிவிட்டீர்களா என்று பாருங்கள். ஃபாரெக்ஸ் கார்டைக் கணக்கில் இணைக்காதீர்கள், முன்பணமாகப் பிடித்து வைக்கும் தொகை விடுபடப் பல நாள் ஆகும். கிரெடிட் கார்டு நல்லது.

தண்ணீர்மலை

பினாங்கிலும் கிள்ளானிலும் தமிழிலேயே பேசிச் சமாளிக்கலாம், பயப்பட ஒன்றுமில்லை.

பினாங்கில் டூர் வாங்குவது வீண். கப்பல் நிற்கும் சுவெட்டன்ஹாம் துறை ஜார்ஜ்டவுனுக்குள்ளேயே இருக்கிறது. கேட்டைத் தாண்டினால் கார்ன்வாலிஸ் கோட்டை, பத்துப் பதினைந்து நிமிட நடையில் லிட்டில் இந்தியா. லெபோ குயினில் 1833-இல் கட்டிய மகா மாரியம்மன் கோயில் இருக்கிறது. மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள், காலையில் முதல் வேலையாக அதை முடித்துவிட்டுப் பக்கத்துத் தெருவில் இட்லி, தோசை பசியாறலாம். கேட்டுக்கு வெளியே டாக்சிக்காரர்கள் சூழ்ந்துகொண்டு சுற்றிக் காட்டப் பேரம் பேசுவார்கள். அவர்களைத் தாண்டி நூறு மீட்டர் நடந்து கிராப் ஆப்பில் டாக்சி போடுங்கள்.

தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 513 படி. உங்கள் மாமியாருக்கு வேண்டாம். அதே சாலையில் கீழேயே நகரத்தார் கோயில் இருக்கிறது, அங்கே போகலாம். பினாங்கு ஹில் ரயில் நல்ல அனுபவம்தான், ஆனால் வார இறுதி வரிசை அரை நாளை விழுங்கிவிடும்.

சைவக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பழ ரோஜாக் பார்க்க வெறும் பழமும் வெள்ளரியும்தான், மேலே ஊற்றும் கறுப்புக் குழம்பு இறால் விழுது. அசாம் லக்சாவின் குழம்பே மீன். இறால் போட்டு வறுக்கும் சார் குவே தியாவ் நூடுல்ஸ் பக்கமே போகாதீர்கள்.

கிள்ளான் கதை வேறு. கப்பல் நிற்பது ஊரில் இல்லை, பூலாவ் இண்டா என்ற தீவில். சுற்றிலும் கன்டெய்னர் யார்டு, நடந்து போக ஒன்றுமில்லை. பத்துமலை 60 கிலோமீட்டருக்கு மேல். சாதாரண நாளில் ஒன்றரை மணி நேரம், நெரிசலில் இரண்டு. 272 படி வேறு. மாமியார் கீழேயே 42.7 மீட்டர் முருகன் சிலையைப் பார்த்துவிட்டு அடிவாரக் கோயில்களைக் கும்பிடலாம், அதற்காக நாலு மணி நேரம் காரில் உட்கார வேண்டுமா என்று யோசியுங்கள். போவதென்றால் முழங்காலுக்கு மேலே தெரியும் உடை வேண்டாம், வாசலில் சாரோங் வாடகைக்கு எடுக்கச் சொல்வார்கள். கையில் தின்பண்டப் பை இருந்தால் குரங்கு பிடுங்கும்.

எனக்குக் கேட்டால், கிராப் பிடித்துக் கிள்ளான் டவுன் லிட்டில் இந்தியா, ஜாலான் தெங்கு கிளானா போங்கள். முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். வாழை இலைச் சாப்பாடு, துணிக்கடை, நிழல். பெரியவர்களுக்கு அது போதும்.

அடுக்களை

தண்ணீர்மலை சார் சொல்வது பினாங்குக்குச் சரி. ஆனால் பத்துமலைதான் போவேன் என்றால் அந்த ஒரு நாளைக்குக் கப்பல் டூரையே எடுங்கள் என்பேன். கோலாலம்பூர் நெரிசலில் கப்பல் பஸ் மாட்டினால் கப்பல் காத்திருக்கும். நீங்கள் பிடித்த கார் மாட்டினால் காத்திருக்காது. விலை வித்தியாசம் அந்த உத்தரவாதத்துக்குத்தான்.

செம்பருத்தி_கோவை

மிக்க நன்றி. கிள்ளான் டவுன் என்று முடிவு செய்துவிட்டோம். புக்கெட்டில் "டெண்டர்" என்று போட்டிருக்கிறதே, அது என்ன? மாமியாரால் முடியுமா? அங்கே ஃபி ஃபி தீவு பார்க்கலாமா?

படோங்_படகு

டெண்டர் என்றால் கப்பல் கரைக்கு வராது. படோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரம் போட்டு, சின்னப் படகுகளில் ஆட்களை இறக்குவார்கள். கப்பலின் அடித்தளத்துக் கதவிலிருந்து படகுக்கு ஓர் எட்டு வைக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஆட்கள் கையைப் பிடித்துக்கொள்வார்கள். பிடித்துக்கொண்டு நாலைந்து படி ஏறி இறங்க முடிந்தால் மாமியாருக்குச் சிரமமில்லை. படகு ஆடும்போது அவசரப்படாமல், மேலே எழும் நேரத்தில் கால் வைக்கச் சொல்லுங்கள். சக்கர நாற்காலியிலிருந்து எழவே முடியாதவர்களைப் பல கப்பல்களில் டெண்டரில் ஏற்ற மாட்டார்கள்.

காலையில் டெண்டர் டோக்கன் கொடுப்பார்கள். டூர் எடுத்தவர்கள் முதலில், பிறகு டோக்கன் வரிசை. எட்டு மணிக்கு இறங்க நினைத்துப் பத்து மணிக்குக் கரை சேர்வது சகஜம். திரும்பும்போதும் கடைசி டெண்டருக்குக் கடற்கரையில் வெயிலில் நீள வரிசை நிற்கும், ஒரு மணி நேரம் முன்னதாக வாருங்கள். மார்ச்சில் கடல் அமைதி. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் மேற்கே பார்த்த படோங்கில் அலை எழும்பும், டெண்டரையே ரத்து செய்துவிடுவதுண்டு. அந்த மாதங்களில் போகிறவர்கள் வெளியாளிடம் முன்பணம் கட்டாதீர்கள்.

ஃபி ஃபி வேண்டாம். படகுகள் புக்கெட் தீவின் கிழக்குக் கரையிலிருந்து கிளம்புகின்றன, நீங்கள் இறங்குவது மேற்கில். ஸ்பீட்போட்டின் அடிக்கு முழங்காலும் முதுகும் தாங்காது. பழைய புக்கெட் டவுன் 15 கிலோமீட்டர்தான், மலைச்சாலை நெரிசலில் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வாட் சாலோங் கோயிலுக்குத் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். டுக்டுக் விலை அதிகம், முதலில் கிராப் ஆப்பில் தொகையைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

சாப்பாட்டுக்கு மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்துள்ள "ஜே" கடையைத் தேடுங்கள். கறி, மீன், முட்டை, பால் எதுவும் இல்லை, பூண்டு வெங்காயமும் கிடையாது. தாய் மொழியில் சைவத்துக்கு "மங்சவிரட்" என்று சொன்னால் கறி வராது, முட்டை வரலாம், மீன் சாஸும் வரலாம்.

கடைசியாக நேரம். சிங்கப்பூர், மலேசியாவைவிட புக்கெட் ஒரு மணி நேரம் பின்னால். கப்பல் தன் கடிகாரத்தை மாற்றலாம், மாற்றாமலும் விடலாம். நீங்கள் கரைக்கு இறங்கியதும் போன் தானாகத் தாய்லாந்து நேரத்துக்குப் போய்விடும். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே இருந்து "நாலு மணிக்குக் கடைசி டெண்டர்" என்றால், உங்கள் போனில் அது மூன்று மணி. போனை நம்பினால் கப்பல் போய்விடும். முதல் நாள் இரவு அறைக்கு வரும் நிகழ்ச்சித் தாளில் கப்பல் நேரம் என்ன என்று பாருங்கள். ஒரு சாதாரணக் கைக்கடிகாரத்தை அந்த நேரத்துக்கு வைத்து மாமனார் கையில் கட்டிவிடுங்கள். அதே தாளில் துறைமுக ஏஜென்ட்டின் எண் இருக்கும், அதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கப்பல் கரையை விட்டதும் எல்லாருடைய போனையும் ஃபிளைட் மோடில் போடுங்கள். கடல் நடுவே கப்பலின் சாட்டிலைட் டவரைப் பிடித்தால் ரோமிங் பில் டிக்கெட் விலையை எட்டும்.